நிறவெறி எதிர்ப்புக் கிளர்ச்சிகளும் மக்கள் மனமும்

தீர விசாரியாத அரசாணையால் கணவனை இழந்து, நீதி கேட்டுப் பாண்டியன் அரண்மனை வாயிலில் வந்து நின்ற கண்ணகியை முதலில் கண்டவன் வாயிற்காவலன். கொற்றவை, காளி முதலிய தெய்வங்களின் பெயர்களை அடுக்கி அவன் மன்னனிடம் பெரிதும் விரித்துரைத்தது அவளுடைய தோற்றத்தையும் சினத்தையுமே ஆகும். மன்னனோ அவளை உள்ளே வரவிட்டு, கண்ணீரோடு வந்து நிற்கும் நீ யார் என்று வினவினான். அவள் குறையைக் கேட்டான். சிலம்பைக் கொணரச் செய்து உண்மையை ஆராய்ந்தான். அந்த ஆராய்ச்சி முன்னரே நிகழ்ந்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான். எனினும் வந்தவளின் தோற்றத்தைக் கண்டு வாயிற்கதவை அடைக்காது, அவள் வந்த காரணத்தைக் கேட்டான் என்பதே அவனுக்குப் பெருமை.

நீதி கேட்டு எழும் எந்தக் கிளர்ச்சிக்கும் இவ்விரு பார்வைகளும் உண்டு. கிளர்ச்சியின் தோற்றத்தைக் காண்பது ஒன்று. அதன் குறையைக் கேட்பது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிறவெறிக்கும் காவல்துறையின் வன்செயலுக்கும் எதிராக நடைபெற்ற கிளர்ச்சிகளை அந்நாட்டுப் பொதுமக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரையில் நாம் காணப் புகுகின்றோம். அங்குக் கருத்துக் கணிப்பு என்னும் கலை நெடுங்காலமாக வளர்ந்துள்ளமையால், அந்தந்தக் காலத்து மக்கள் மனநிலை எண்ணிக்கையாகவே நமக்குக் கிடைக்கின்றது. அவ்வெண்கள் உணர்த்தும் உண்மை சற்றே கசப்பானது.

சட்டம் தந்த உரிமையும் மக்கள் தந்த தீர்ப்பும்

அமெரிக்காவின் தென் மாநிலப் பேருந்து நிலையங்களில் வெள்ளையர்க்கு ஓரிடம், கறுப்பின மக்களுக்கு வேறோரிடம் என்னும் வழக்கம் வேரூன்றியிருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பயணிகளை இவ்வாறு பிரித்து வைத்தல் சட்டத்திற்கு மாறானது என்று 1960ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டளவில் இருந்தது. பேருந்து நிலையங்களில் பழைய அறிவிப்புப் பலகைகளே தொங்கின. தீர்ப்பு தந்த உரிமையை நடைமுறையில் சோதித்துப் பார்க்கும் பொருட்டு, 1961 மே 4ஆம் நாள் வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகிய பதின்மூவர் வாஷிங்டன் நகரிலிருந்து பேருந்துகளில் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். ‘விடுதலைப் பயணிகள்’ என்று அவர்கள் அழைக்கப்பட்டனர்.

மே 14ஆம் நாள் அலபாமா மாநிலத்து ஆனிஸ்டன் நகருக்கு அருகில் அவர்கள் சென்ற பேருந்துகளுள் ஒன்று கும்பலால் தீக்கிரையாக்கப்பட்டது. அன்றே பர்மிங்காம் நகரில், மற்றொரு பேருந்தில் வந்தவர்கள் இரத்தம் சிந்துமாறு தாக்கப்பட்டனர். தாக்குவோர் தம் செயலை முடித்துக்கொள்ளும்வரை அந்நகரக் காவலர்கள் அங்கு வந்திலர். பயணிகள் எவர்மீதும் கை ஓங்கவில்லை. எச்சொத்துக்கும் கேடு செய்யவில்லை. நீதிமன்றம் தந்த உரிமையின்படி இருக்கையில் அமர்ந்ததே அவர்கள் செய்த செயல்.

இந்நிலையில் கேலப் நிறுவனம் மக்களிடம் கருத்துக் கேட்டது. விடுதலைப் பயணிகளின் செயலை ஏற்கவில்லை என்றோர் 61 விழுக்காட்டினர். ஏற்றோர் 22 விழுக்காட்டினரே. ஆயினும் அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில், பேருந்து நிலையங்களில் நிறத்தால் இடம் பிரிக்கலாகாது என்னும் நடுவண் ஆணை நடைமுறைக்கு வந்தது. பெரும்பான்மையோர் தவறென்று கூறிய செயல், ஆறே திங்களில் நாட்டின் ஒழுங்குமுறையாக மாறியது.

இரண்டாண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்டு 28ஆம் நாள், வேலைவாய்ப்பும் உரிமையும் கேட்டு வாஷிங்டன் நகரில் பெரும்பேரணி நடைபெற்றது. மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய புகழ்பெற்ற உரை அங்கு நிகழ்ந்ததே. இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த அப்பேரணியை, அது நிகழ்வதற்கு முன் மக்கள் எவ்வாறு கருதினர்? அதனைப் பற்றிக் கேள்வியுற்றிருந்தோருள் 60 விழுக்காட்டினர் அதனை விரும்பவில்லை. விரும்பியோர் 23 விழுக்காட்டினர். கலவரம் விளையும் என்னும் அச்சத்தால் நகரில் மது விற்பனை தடை செய்யப்பட்டது. படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் ஆயத்தமாக நிறுத்தப்பட்டனர். வந்தவர் ஏறத்தாழ 2,50,000 பேர். அமைதியாக வந்து, அமைதியாகக் கலைந்தனர். அதற்குப் பின்னும் மக்கள் மனம் நெகிழவில்லை. இத்தகைய பெருந்திரள் கிளர்ச்சிகளால் கறுப்பின மக்களின் நலனுக்குத் தீங்கே நேரும் என்று 1964ஆம் ஆண்டுக் கணிப்பில் 74 விழுக்காட்டினர் கூறினர்.

காலமும் முறையும்

கிளர்ச்சியை விரும்பாதவர் அனைவரும் நிறவெறியர் என்று கொள்ளுதல் பிழையாகும். அவர்களுள் பலர் நல்லவர்கள். கறுப்பின மக்களுக்கு உரிமை வேண்டும் என்பதைக் கொள்கையளவில் ஏற்றவர்கள். ‘நோக்கம் சரி, ஆனால் முறை தவறு, காலம் பொருந்தவில்லை’ என்பதே அவர்களின் வாதம்.

இவ்வாதம் தெளிவாக வெளிப்பட்ட இடம் பர்மிங்காம். 1963 ஏப்ரலில் அந்நகரில் கிங் கைது செய்யப்பட்டபொழுது, உள்ளூர் வெள்ளையர் சமயத் தலைவர்கள் எண்மர் கூடி அறிக்கையொன்றை வெளியிட்டனர். கிளர்ச்சி அறிவுடைமையாகாது என்றும், அதற்குரிய காலம் இதுவன்று என்றும், குறைகளை நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் அறிவுறுத்தினர். சிறையிலிருந்தவாறே கிங் அவர்களுக்கு நெடிய மடலொன்றை எழுதினார். அம்மடலின் சாரம் இது: வெளிப்படையாகப் பகைப்பவரைக் காட்டிலும், நீதியைவிட ஒழுங்கைப் பெரிதாகக் கருதும் நடுநிலையாளரே விடுதலைக்குப் பெருந்தடையாக உள்ளனர், காத்திருங்கள் என்னும் சொல், காத்திருந்து களைத்தவன் செவியில் ஒருபோதும் இல்லை என்பதாகவே ஒலிக்கின்றது.

அந்த எண்மரைத் தீயவர் எனப் பழித்தல் நம் கருத்தன்று. அவர்களுள் சிலர் நிறப்பிரிவினைக்கு எதிராக முன்னரே குரல் கொடுத்தவர்கள். ஆயினும் அவர்களின் அறிக்கை கிளர்ச்சியாளரின் நடத்தையை எடை போட்ட அளவுக்கு, அக்கிளர்ச்சியைத் தோற்றுவித்த அன்றாடக் கொடுமைகளை எடை போடவில்லை. அன்றாடம் நிகழும் கொடுமைக்கு ஓசையில்லை. அது பழகிப்போன ஒன்று. அதனை எதிர்த்து எழும் குரலே புதியது. அதுவே காதில் விழுகின்றது. தெருவில் ஊர்வலம் வந்த நாளன்றுதான் நகரின் அமைதி கெட்டது என்று எண்ணுபவர், அதற்கு முன் அந்நகரில் அமைதி யாருக்கு இருந்தது என்று கேட்க மறந்துவிடுகின்றார்.

கண்ணாற் கண்ட நாள்

பொதுமக்கள் மனம் என்றுமே மாறுவதில்லையோ எனின், மாறிய நாள்களும் உண்டு. 1965 மார்ச் 7ஆம் நாள், வாக்குரிமை கேட்டு அலபாமாவின் செல்மா நகரிலிருந்து ஏறத்தாழ 600 பேர் நடைப்பயணம் புறப்பட்டனர். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் மாநிலக் காவற்படையினர் அவர்களைத் தடியால் அடித்தும், கண்ணீர்ப் புகைக்குண்டு வீசியும், குதிரைகளை ஏவியும் கலைத்தனர். அன்றிரவு அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமொன்று, நாசிகளின் கொடுமைகளை விசாரித்த நூரம்பெர்க் வழக்குகளைப் பற்றிய திரைப்படத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதனை இடையில் நிறுத்திச் செல்மாக் காட்சிகளைக் காட்டினர். பிற நாட்டார் இழைத்த கொடுமையைத் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அதே திரையில் தம் நாட்டுக் கொடுமையைக் கண்டனர்.

பின்னர் எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணிப்பொன்றில் 48 விழுக்காட்டினர் கிளர்ச்சியாளர் பக்கம் நின்றனர். அலபாமா மாநில அரசின் பக்கம் நின்றோர் 21 விழுக்காட்டினரே. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார். யார் அடித்தார், யார் அடிபட்டார் என்பது ஐயத்திற்கு இடமின்றிக் கண்முன் தெரிந்தபொழுது, மக்கள் முறையைப் பற்றிப் பேசுவதை விடுத்துக் குறையைப் பற்றிச் சிந்தித்தனர் என்பது இதனாற் புலனாகின்றது.

தீயும் அதன் வேரும்

வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாகி ஐந்து நாள்களே கடந்த நிலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் சாலையில் நிகழ்ந்த கைதொன்று பெருங்கலவரமாக வெடித்தது. 34 பேர் மாண்டனர். 1967 கோடையில் நியூவார்க், டெட்ராய்ட் முதலிய பல நகரங்கள் பற்றி எரிந்தன. நியூவார்க்கில் வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவரைக் காவலர் அடித்ததும், டெட்ராய்டில் உரிமமற்ற மதுவிடுதி ஒன்றில் காவலர் நடத்திய சோதனையும் தீப்பொறிகளாயின. டெட்ராய்டில் மட்டும் 43 பேர் இறந்தனர்.

இவற்றின் காரணத்தை ஆராய, இல்லினாய் மாநில ஆளுநர் ஓட்டோ கெர்னர் தலைமையில் பதினொருவர் கொண்ட ஆணையத்தை ஜான்சன் அமைத்தார். அவர்களுள் கறுப்பினத்தவர் இருவரே. ஆதலின் அவ்வாணையத்தைக் கிளர்ச்சியாளரின் கூட்டம் என்று எவரும் கூற இயலாது. 1968ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, மக்களின் குறைகளுள் முதல் வரிசையில் காவல்துறையின் நடைமுறைகளையும், வேலையின்மையையும், வாழத் தகுதியற்ற வீட்டு நிலையையும் வைத்தது. வெள்ளையர் சமுதாயத்தின் இனப்பாகுபாடே இவற்றின் வேர் என்றும் கூறியது. அரசே அமைத்த ஆணையம் கூறியும், வெள்ளையருள் பாதிக்கு மேற்பட்டோர் அம்முடிவை ஏற்க மறுத்ததையும், கறுப்பின மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதனை ஏற்றதையும் அக்காலக் கணிப்பு காட்டியது. ஆணையத்தின் பரிந்துரைகளுள் பெரும்பாலானவை நிறைவேறவில்லை.

இங்கு நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கிளர்ச்சியின் முறை எவ்வாறாயினும் ஒன்றே என்று கூறுதல் இயலாது. ஓமர் வாசோ என்னும் அரசியல் ஆய்வாளர், 1960களின் கிளர்ச்சிகளையும் அவற்றை அடுத்து நிகழ்ந்த தேர்தல்களையும் ஒப்பிட்டு 2020ஆம் ஆண்டில் ஆய்வொன்றை வெளியிட்டார். அறவழியில் நின்றோர் அரசின் வன்முறைக்கு ஆளான இடங்களைச் சார்ந்த வெள்ளையர், உரிமைச் சட்டங்களை ஆதரித்த கட்சியின் பக்கம் சாய்ந்தனர். கிளர்ச்சியாளரே வன்முறையில் இறங்கிய இடங்களைச் சார்ந்தவர்களோ, சட்டம் ஒழுங்கு என்னும் முழக்கத்தின் பக்கம் சென்றனர். நாளிதழ்களின் தலைப்புகளும் அவ்வாறே முன்னதில் ‘உரிமை’ என்றும் பின்னதில் ‘கலவரம்’ என்றும் மாறின.

தீயினால் வெந்தவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1991 மார்ச் 3ஆம் நாள் ரோட்னி கிங் என்பவரைக் காவலர்கள் சூழ்ந்து அடித்ததைக் குடியிருப்பாளர் ஒருவர் தம் வீட்டு மாடத்திலிருந்து ஒளிப்பதிவு செய்தார். உலகமே அதனைக் கண்டது. ஆயினும், 1992 ஏப்ரல் 29ஆம் நாள், கறுப்பினத்தவர் ஒருவரும் இடம்பெறாத நடுவர் குழு, ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் காவலர் நால்வரையும் விடுவித்தது. அன்று தொடங்கிய கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள உடைமைகள் அழிந்தன. அழிந்த கடைகளுள் 2,000க்கும் மேற்பட்டவை கொரிய நாட்டிலிருந்து குடியேறியோர் வைத்திருந்தவை. தீர்ப்பளித்த நடுவர் குழுவில் அவர்கள் இல்லை. தடியெடுத்த காவலரும் அவர்கள் அல்லர். அவர்களின் இழப்பைப் பொருட்படுத்தாது விடுதல் நீதியாகாது. ஆனால் அவர்களின் இழப்பைக் காட்டி, அடிபட்டவரின் வழக்கைத் தள்ளிவிடுதலும் நீதியாகாது. இரண்டையும் ஒருசேரப் பேசும் நாவே நடுநிலை நா. பின்னர் 1993ஆம் ஆண்டில் நடுவண் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் அந்நால்வருள் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

ஓசையற்ற எதிர்ப்பும் எதிர்ப்பே

அமைதியாக எதிர்த்தால் மக்கள் ஏற்பர் எனின், ஓசையே எழாத எதிர்ப்பை எவ்வாறு ஏற்றனர் என்று காண்போம்.

1968 அக்டோபர் 16ஆம் நாள் மெக்சிகோ நகர ஒலிம்பிக் போட்டியில், 200 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற டாமி ஸ்மித்தும் மூன்றாமிடம் பெற்ற ஜான் கார்லோசும் பரிசு மேடையில், தம் நாட்டுப் பண் ஒலிக்கையில் தலை கவிழ்ந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்றனர். ஒரு சொல்லும் பேசவில்லை. கூட்டத்தினர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு விளையாட்டுச் சிற்றூரிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

2016ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், காவல்துறையின் வன்செயலை எதிர்த்து, நாட்டுப் பண் பாடப்படுகையில் எழுந்து நிற்க மறுத்தார். பின்னர் முன்னாள் படைவீரர் ஒருவரோடு கலந்துரையாடி, மதிப்புக் குன்றாத முறை என்று கருதி ஒரு காலை மண்டியிட்டு அமரலானார். அவ்வாண்டு அக்டோபரில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் எடுத்த கணிப்பில் 54 விழுக்காட்டினர் இத்தகைய எதிர்ப்பை ஏற்கவில்லை. 38 விழுக்காட்டினர் ஏற்றனர். 2017ஆம் ஆண்டு முதல் எந்த அணியும் அவரை விளையாட எடுக்கவில்லை. வீரர்களின் குரலை முன்னரே கேளாதது தவறு என்று அந்த விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் 2020ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார்; அவ்வேளையிலும் கேப்பர்னிக்கின் பெயரை அவர் சொல்லவில்லை.

ஊர்வலம் போனால் போக்குவரத்துக்கு இடையூறு, பேருந்தில் அமர்ந்தால் கலகமூட்டல், கை உயர்த்தினால் அவமதிப்பு, மண்டியிட்டாலும் அவமதிப்பு. இவற்றையெல்லாம் அடுக்கி நோக்கும்பொழுது, முறையைக் குறை கூறுவோர் அனைவரும் முறையை மட்டுமே மனத்திற்கொண்டு பேசினர் என்று நம்புதல் அரிதாகின்றது.

ஒன்பது நிமிடம் 29 நொடி

2020 மே 25ஆம் நாள் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவரின் கழுத்தின்மீது டெரிக் சாவின் என்னும் காவலர் முழங்காலை அழுத்தி ஒன்பது நிமிடம் 29 நொடி இருந்தார். ஃபிளாய்டு உயிர் நீத்தார். அந்நகரக் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையில் முழங்காலைப் பற்றிய பேச்சே இல்லை; கைது செய்யப்பட்டவர் உடல்நலக் குறைவுற்று மருத்துவமனையில் இறந்தார் என்னும் அளவிலேயே அது அமைந்தது. அவ்வழியே சென்ற 17 வயது மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் அதனைப் பதிவு செய்திராவிடின், அவ்வறிக்கையே வரலாறாகியிருக்கும். 2021 ஏப்ரல் 20ஆம் நாள் சாவின் கொலைக்குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அக்கோடையில் அமெரிக்காவில் ஒன்றரைக் கோடி முதல் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள்வரை கிளர்ச்சிகளில் பங்கேற்றிருக்கலாம் என்று கணிப்புகள் மதிப்பிட்டன. கிளர்ச்சிகளைப் பதிவு செய்து ஆராயும் நிறுவனமொன்று, அவற்றுள் 93 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை அமைதியாக நடந்தவை எனக் கண்டது. ஆயினும் சில நகரங்களில் கடைகள் சூறையாடப்பட்டன. மினியாபோலிசில் காவல்நிலையம் ஒன்றே எரிந்தது. தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் எரிந்தவை அவையே. கிளர்ச்சியாளருள் பெரும்பாலோர் வன்முறையைத் தூண்டவோ உடைமைகளை அழிக்கவோ முயல்கின்றனர் என்று ஒரு கணிப்பில் 42 விழுக்காட்டினர் நம்பினர். நூற்றுக்கு ஏழில் கண்ட தீயை நூற்றுக்கும் உரியதாக மனம் எடுத்துக்கொண்டது. மனித மனத்தின் இயல்பு அது. நம் மனமும் அதற்கு விலக்கன்று.

பியூ ஆய்வு மையத்தின் கணிப்புகள் மற்றோர் உண்மையையும் காட்டுகின்றன. கறுப்பினத்தவர் உயிருக்கும் மதிப்புண்டு என்னும் முழக்கத்தோடு 2013ஆம் ஆண்டு முதல் வளர்ந்த இயக்கத்தை 2020 ஜூனில் 67 விழுக்காட்டினர் ஆதரித்தனர். மூன்றே திங்களில், செப்டம்பரில், அது 55 ஆகக் குறைந்தது. 2023இல் 51 ஆயிற்று. இடையில் ஃபிளாய்டின் சாவு மாறவில்லை, ஒளிப்பதிவும் மாறவில்லை. மக்கள் பார்வை வேறு பக்கம் திரும்பியது. வெள்ளை மாளிகைக்கு அருகே அம்முழக்கம் மஞ்சள் வண்ணத்தில் சாலை நிறைய எழுதப்பட்டது 2020 ஜூனில். அது பெயர்த்தெடுக்கப்பட்டது 2025 மார்ச்சில்.

பொதுமக்கள் என்போர் யாவர்?

மேற்கண்ட எண்களைப் பகுத்து நோக்கினால், பொதுமக்கள் கருத்து என்று ஒன்று இல்லை என்பது விளங்கும். 2016ஆம் ஆண்டுக் கணிப்பில் நாட்டுப் பண்ணின்போது எழ மறுத்தோரை வெள்ளையருள் 63 விழுக்காட்டினர் ஏற்கவில்லை. கறுப்பினத்தவருள் 74 விழுக்காட்டினர் ஏற்றனர். 2020 ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வெள்ளையரின் ஆதரவு 60இலிருந்து 45 ஆகச் சரிந்தது. கறுப்பினத்தவரின் ஆதரவு 86, 87 என்று அசையாது நின்றது. காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒருவர்க்கு அது செய்தி. மற்றவர்க்கு அது வாழ்க்கை. செய்தி பழையதாகிவிடும். மாலையில் வெளியே சென்ற மகன் வீடு திரும்பும்வரை வாயிலை நோக்கியிருக்கும் தாய்க்கு அக்கவலை பழையதாவதில்லை.

இனி, காலம் செய்யும் விந்தை. 1966ஆம் ஆண்டுக் கேலப் கணிப்பில் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி 63 விழுக்காட்டினர் நல்லெண்ணம் கொள்ளவில்லை. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1983ஆம் ஆண்டில் அவருடைய பிறந்தநாள் நாட்டு விடுமுறையாகச் சட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டில் 94 விழுக்காட்டினர் அவரைப் போற்றினர். இம்மாற்றம் மகிழ்ச்சி தருவதே. ஆனால் அதில் ஒரு கண்ணியும் மறைந்துள்ளது. கிங் போன்று அமைதியாகப் போராடக் கூடாதா என்று இன்றைய கிளர்ச்சியாளரிடம் கேட்போர், கிங் அமைதியாகப் போராடிய நாளில் அவரை நாடு விரும்பவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். நேற்றைய போராளியைப் புகழ்வது எளிது. அவர் நம் தெருவில் இப்பொழுது ஊர்வலம் வரப்போவதில்லை. நம்மிடம் எதனையும் கேட்கப்போவதில்லை.

மூன்றாமவர் நின்ற இடம்

மெக்சிகோ நகரப் பரிசு மேடையில் மூன்றாவதாக ஒருவர் நின்றார். இரண்டாமிடம் பெற்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன். அவர் கையை உயர்த்தவில்லை. மற்ற இருவரும் அணிந்திருந்த மனித உரிமைச் சின்னத்தைத் தாமும் கேட்டுப் பெற்றுத் தம் மார்பில் அணிந்து நின்றார். அவ்வளவே அவர் செய்தது. அதற்காகத் தாயகத்தில் அவர் கண்டனத்திற்கு ஆளானார். 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்கு அவர் அனுப்பப்படவில்லை. 2006ஆம் ஆண்டில் அவர் மறைந்தபொழுது ஸ்மித்தும் கார்லோசும் கடல் கடந்து சென்று அவருடைய உடல் வைத்த பேழையைத் தோளில் சுமந்தனர். 2012ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரியது. கேட்பதற்கு அவர் உயிரோடு இல்லை.

ஸ்மித்தும் கார்லோசும் படித்த சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு அக்காட்சிக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதில் இரண்டாம் படி வெறுமையாக உள்ளது. தம் சிலை வேண்டா. காண வருவோர் அவ்விடத்தில் ஏறி நிற்கட்டும் என்று நார்மனே கூறிவிட்டார்.

முடிவுரை

அந்த இரண்டாம் படியே பொதுமக்களாகிய நம் இடம். நாம் அடிபட்டவரும் அல்லோம், அடித்தவரும் அல்லோம். அருகில் நிற்பவர்கள். அருகில் நிற்பவன் கிளர்ச்சியாளர் செய்வதையெல்லாம் சரியென்று தலையசைக்க வேண்டுவதில்லை. தீ வைத்தல் தவறெனில் தவறென்றே கூறுதல் வேண்டும். எரிந்த கடைக்காரனின் கண்ணீரையும் துடைத்தல் வேண்டும். ஆனால் முதல் வினா எது என்பதில் நாம் தெளிவாக இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! எந்நாட்டிலேனும் ஒரு கூட்டம் தெருவில் இறங்கி நீதி கேட்பதாக நீங்கள் செய்தித்தாளில் படிக்கும்பொழுது, அவர்கள் எவ்வாறு கேட்கின்றனர் என்று பார்ப்பதற்கு முன் எதனைக் கேட்கின்றனர் என்று தேடிப் படியுங்கள். அக்குறையை அவர்கள் இதற்கு முன் யாரிடம், எத்தனை முறை முறையிட்டனர் என்று கேளுங்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை யாது என்று அறியுங்கள். படத்தில் எரியும் ஒரு தெருவுக்கு அப்பால் எரியாத தெருக்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இவ்வளவும் செய்தபின் உங்கள் முடிவு எதுவாயினும் அது சிந்தித்துக் கண்ட முடிவாக இருக்கும்.

பெரியோர்களும் பொறுத்தருள்வராக. இளையோர் குரலில் சினம் தெரியும்பொழுது அடக்கம் கற்பிக்க நம் நா முந்துகின்றது. அடக்கம் கற்பிக்கத்தக்கதே. ஆனால் வாயிற்காவலனின் வேலையோடு நின்றுவிடாமல், அரியணையிலிருந்து அவன் கேட்ட அந்த வினாவை நாமும் கேட்டாக வேண்டும்: வந்தவர் யார்? அவர் குறை யாது?